இமாட்டினிப் முதல் கைரோபிராக்டிக் வரை: ஒரு சிகிச்சையின் சான்றை எடைபோடுவது எப்படி?

ஒரு சிகிச்சையைப் பற்றிக் கேள்விப்பட்டதும் பெரும்பாலோர் கேட்பவை இரண்டு கேள்விகள்: அது ஆங்கில மருத்துவமா, இயற்கை மருத்துவமா, அதனால் யாருக்காவது குணமாகியிருக்கிறதா. இரண்டுக்கும் என்ன பதில் கிடைத்தாலும் அந்தச் சிகிச்சை நமக்குப் பயன்படுமா என்பது தெரியவராது. பெரிய நிறுவனங்களின் ஆய்வகங்களில் பிறந்த மருந்துகள் சோதனையில் தோற்றிருக்கின்றன. வீட்டு வாசலில் பூக்கும் ஒரு செடியிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றும் இடம்பெறுகிறது. ஆகவே ஒரு சிகிச்சை எங்கிருந்து வந்தது என்பதை ஓரமாக வைத்துவிட்டு, அதை எதனோடு ஒப்பிட்டார்கள், எதை அளந்தார்கள், எவ்வளவு வேறுபாடு கண்டார்கள் என்று கேட்பதே பயன்தரும். மருத்துவப் படிப்பு இல்லாத ஒருவர், தமக்கோ தம் வீட்டாருக்கோ சொல்லப்பட்ட சிகிச்சையைப் பற்றி இக்கேள்விகளை எப்படி எழுப்புவது, கிடைக்கும் பதிலை எப்படிப் படிப்பது என்பதை இங்கே பார்க்கலாம்.

கூற்றை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"கைரோபிராக்டிக் பலன் தருமா?" என்ற கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடையாது. எந்த நோய்க்கு, யாருக்கு என்பது அதில் இல்லை. 1895-ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் நகரில், காந்த சிகிச்சை செய்துவந்த டேனியல் டேவிட் பால்மர், ஹார்வி லில்லார்ட் என்பவரின் முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்ததாகவும், அதனால் அவர் இழந்திருந்த செவித்திறன் திரும்பியதாகவும் கூறினார். பிறகு, நோய்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முதுகெலும்புகள் இடம் பிசகுவதால் வருபவை என்று கைரோபிராக்டிக் என்ற கோட்பாட்டையே கட்டியெழுப்பினார். இன்று அதே பெயரில் சிகிச்சை பெறுவோரில் பெரும்பகுதியினர் கீழ்முதுகு வலிக்காகச் செல்பவர்கள். காது கேளாமை, கைக்குழந்தையின் ஓயாத அழுகை, கீழ்முதுகு வலி ஆகிய மூன்றும் மூன்று தனித்தனிக் கூற்றுகள். ஒன்றுக்குச் சான்று இருப்பதால் மற்றவற்றுக்கும் இருப்பதாக ஆகாது. ஒன்று பொய் என்பதால் மற்றவையும் பொய் என்று ஆகாது.

புற்றுநோய் மருந்துக்கும் இதே கண்டிப்பு வேண்டும். பெவாசிசுமாப் என்ற மருந்து கட்டிக்கு இரத்தம் கொண்டுசெல்லும் புதிய நாளங்கள் முளைப்பதைத் தடுப்பது. பரவிவிட்ட பெருங்குடல் புற்றுநோயில் கீமோதெரபியுடன் அதைச் சேர்த்தபோது, நோயாளிகளின் இடைநிலை வாழ்நாள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 15.6 மாதங்களிலிருந்து 20.3 மாதங்களாக நீண்டது. 2004-இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. அதே மருந்தை மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுத்தபோது கதை வேறாக முடிந்தது. அதைப் பின்னர் பார்ப்போம். "பெவாசிசுமாப் நல்ல மருந்தா?" என்பதும் அரைகுறைக் கேள்வியே.

எனவே ஒரு தாளை எடுத்து, யாருக்கு, எந்த நிலையில், எந்தச் சிகிச்சை, எதற்குப் பதிலாக, எந்த மாற்றத்தை, எவ்வளவு காலத்தில் தரும் என்று எழுதுங்கள். எடுத்துக்காட்டாக: "நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள பெரியவர்களுக்கு, உடற்பயிற்சி போன்ற வழக்கமான சிகிச்சைகளைவிட, முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் சிகிச்சை வலியை அதிகமாகக் குறைக்கும்." இப்படி எழுதினால்தான் அதைச் சோதிக்க முடியும், சோதித்தும் இருக்கிறார்கள். 47 ஆய்வுகளையும் 9,211 நோயாளிகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்த மீளாய்வு ஒன்று 2019-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. பரிந்துரைக்கப்படும் மற்ற சிகிச்சைகள் தரும் பலனும் இதன் பலனும் ஏறத்தாழ ஒன்றே என்பது அதன் முடிவு. நாம் எழுதிய வாக்கியம் அப்படியே நிற்காது. "சிகிச்சைகளைவிட" என்பதைச் "சிகிச்சைகள் அளவுக்கு" என்று திருத்தினால் நிற்கும். கைரோபிராக்டிக்கை வெறும் ஏமாற்று என்பவர்களும் சர்வரோக நிவாரணி என்பவர்களும் தவறவிடுவது இந்தச் சிறு திருத்தத்தைத்தான்.

விளக்கம் அழகாக இருப்பது சான்று ஆகாது

ஒரு சிகிச்சை எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கம் எவ்வளவு கச்சிதமாக இருக்கிறதோ, அவ்வளவு எளிதாக நாம் அதை நம்பிவிடுகிறோம். விளக்கத்தின் வலிமைக்கு, இரத்தப் புற்றுநோய் மருந்தான இமாட்டினிப்பைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். 1960-இல் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு ஆகிய இருவரும், நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய் கண்டவர்களின் அணுக்களில் வழக்கத்தைவிடச் சிறிய குரோமோசோம் ஒன்றைக் கண்டனர். 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் தம் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்வதால் அது உண்டாகிறது என்று 1973-இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த ஒட்டிலிருந்து பிறக்கும் கலப்பு மரபணு, வெள்ளணுக்களை ஓயாமல் பெருகச் செய்யும் நொதி ஒன்றை உருவாக்குகிறது என்பது அடுத்து வந்த ஆண்டுகளில் தெளிவாயிற்று. அந்த நொதியின் குழியில் போய்ப் பொருந்தி அதை முடக்கும் மூலக்கூறை சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றில் நிக்கலஸ் லைடனின் குழு உருவாக்க, ஆரிகனில் இருந்த மருத்துவர் பிரையன் ட்ரூக்கர் அதை நோயாளிகளிடம் கொண்டுசென்றார். 1998-இல் தொடங்கிய முதற்கட்டச் சோதனையில், நாளொன்றுக்கு 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ பெற்ற 54 பேரில் 53 பேரின் இரத்த அணு எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது.

இங்கேயே நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் நிறுத்தவில்லை. 1,106 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு இமாட்டினிப்பும் மறுபாதியினருக்கு அன்றைய வழக்கமான சிகிச்சையும் கொடுத்தனர். பதினெட்டு மாதங்களில் இமாட்டினிப் பெற்றவர்களில் ஏறத்தாழ 76 சதவீதத்தினரிடம் அந்தக் குரோமோசோமின் தடயமே காணப்படவில்லை. மற்றக் குழுவில் இது சுமார் 15 சதவீதம். பத்தாண்டுகளுக்குப் பிறகும் இமாட்டினிப் குழுவில் ஏறத்தாழ 83 சதவீதத்தினர் உயிருடன் இருந்தனர். மருந்தை நிலைநிறுத்தியது இந்த எண்கள். அவற்றை எங்கே தேடுவது என்று காட்டியதே விளக்கத்தின் பங்கு. (இதே மருந்தின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் தரப்பட்ட விண்ணப்பம்தான், 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில் முடிந்தது. சான்று வலுவாக இருப்பதும் மருந்து ஏழைக்கு எட்டுவதும் இரண்டு தனிப் போராட்டங்கள்.)

விளக்கம் பொய்த்துப்போன கதைகள் இந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. பீட்டா கரோட்டின் உள்ள காய்கனிகளை நிறைய உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது. அணுக்களைச் சிதைக்கும், வினைத்திறன் மிகுந்த ஆக்சிஜன் துகள்களை அது தணிக்கிறது. ஆகவே மாத்திரையாகக் கொடுத்தால் புகைப்பிடிப்போரைக் காக்கலாம் என்பது நேர்த்தியான வாதம். பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்போரிடம் இதைச் சோதித்து 1994-இல் முடிவை வெளியிட்டபோது, மாத்திரை பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. இதற்கு நேர்மாறான கதை நித்தியகல்யாணியுடையது. சர்க்கரை நோய்க்கு நாட்டு மருந்தாகப் பல நாடுகளில் வழங்கிவந்த அச்செடியைக் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் ஆராய்ந்தபோது, எலிகளின் இரத்தச் சர்க்கரை குறையவில்லை; வெள்ளணுக்கள்தாம் குறைந்தன. அந்த எதிர்பாராத கவனிப்பிலிருந்து வின்பிளாஸ்டினும், தொடர்ந்த ஆய்வுகளில் வின்கிரிஸ்டினும் கிடைத்தன. மரபு சொன்ன பயன் தவறு, செடியின் வீரியம் உண்மை. இன்று நித்தியகல்யாணி இலையைக் கஷாயம் வைத்துக் குடிக்கச் சொல்லும் செய்திகள் இந்த வரலாற்றைத் தமக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்கின்றன. ஆனால் வின்கிரிஸ்டின் மிகச் சிறிய அளவில், இரத்தக்குழாய் வழியாக மட்டும், உடல் அளவைக் கணக்கிட்டுச் செலுத்தப்படும் கடுமையான மருந்து என்பதை அவை சொல்வதில்லை.

ஆய்வகத் தட்டில் புற்றணுக்களைக் கொன்றது, எலியில் கட்டி சுருங்கியது என்ற செய்திகளைப் படிக்கும்போது, இவை மனிதரிடம் சோதிக்கத் தகுதி தருபவை என்று மட்டும் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குச் செல்லுங்கள்.

எதனோடு ஒப்பிட்டார்கள்?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும். கீழ்முதுகு வலி தாங்க முடியாமல் போகும் நாளில்தான் நாம் சிகிச்சைக்குப் போகிறோம்; அதற்கடுத்த வாரங்களில் வலி பெரும்பாலும் தானாகவே தணியும். இடையில் எதைச் செய்திருந்தாலும் அதற்கே பெயர் போய்ச் சேரும். சிகிச்சை பெற்றவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், இயல்பான தணிவையும் சிகிச்சையின் பலனையும் பிரிக்க வழியில்லை. பெறாதவர்களையும் பார்க்க வேண்டும். இரு சாராரும் தொடக்கத்தில் ஒரே மாதிரியானவர்களாக இருக்கவும் வேண்டும்.

அந்த ஒற்றுமைக்கு உத்தரவாதம், யார் எந்தக் குழுவில் சேர்வது என்பதை மருத்துவரோ நோயாளியோ தீர்மானிக்காமல் குலுக்கல் முறைக்கு விட்டுவிடுவது. சமவாய்ப்பு முறை எனப்படும் இதற்கு முன்மாதிரியாக நிற்பது, பிரிட்டனில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினைச் சோதித்து 1948-இல் முடிவை வெளியிட்ட ஆய்வு. ஆறு மாதங்களில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தனர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்தனர். மருந்து போதுமான அளவில் கிடைக்காத காலம் அது. யாருக்குக் கொடுப்பது என்ற சங்கடமே குலுக்கலை நியாயமானதாக்கியது.

இம்முறையின் வரலாற்றில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. 1956-இல் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், இன்று சேத்துப்பட்டில் இயங்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னோடி. நல்ல உணவும் காற்றோட்டமும் முழு ஓய்வும் தரும் சானடோரியத்தில் இருந்தால்தான் காசநோய் தீரும் என்று உலகமே நம்பிய காலத்தில், அம்மையம் நகரின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு சாராரைச் சானடோரியத்தில் சேர்த்தது. மற்றவர்களை நெருக்கடியான தம் வீடுகளிலேயே இருந்து அதே மாத்திரைகளை ஓராண்டு உட்கொள்ளச் செய்தது. 1959-இல் வெளியான முடிவு, இரு குழுவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்ததையும், வீட்டிலிருந்தோரின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதல் ஆபத்து நேரவில்லை என்பதையும் காட்டியது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட இந்த ஆய்வு பெரும் காரணமாயிற்று. பின்னர் 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோரிடம் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று காட்டியது. குழந்தைகளைக் காசநோய் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான வகைகளிலிருந்து காப்பதால் அது இன்றும் பிறந்தவுடன் போடப்படுகிறது. ஒரே ஊசி, இரண்டு கூற்றுகள், இரண்டு விடைகள்.

ஒப்பீட்டுக் குழு இருந்தால் மட்டும் போதாது. அக்குழுவுக்கு என்ன கொடுத்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். ஹூஸ்டனில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரில் ஒரு பகுதியினருக்கு முழங்காலில் நுண்துளை அறுவை சிகிச்சையும், மற்றவர்களுக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டுத் தைத்த போலி அறுவையும் செய்தார்கள். இரண்டு ஆண்டுகள் கவனித்தும், உண்மை அறுவை பெற்றவர்கள் வலியிலோ நடமாட்டத்திலோ மேலாக இல்லை. அறுவைக் கூடமும் மயக்க மருந்தும் தையலும் தரும் நம்பிக்கையே வலியைக் குறைக்க வல்லது. ஆகவேதான் மாத்திரைக்கு மருந்துப்போலியும் (மருந்தே இல்லாத, அதைப் போன்ற மாத்திரை), அறுவைக்குப் போலி அறுவையும் ஒப்பீடாக வைக்கப்படுகின்றன.

கையால் செய்யும் சிகிச்சைகளில் சிக்கல் அதிகம். மருந்துப்போலியைத் தருபவருக்கே அது போலி என்று தெரியாமல் செய்யலாம். முதுகெலும்பைத் திருகுபவருக்கு, தாம் திருகுவது உண்மையாகவா பாசாங்காகவா என்பது தெரியாமல் இராது. கைக்குழந்தையின் ஓயாத அழுகைக்குக் கையாற்றுச் சிகிச்சைகளைச் சோதித்த ஆறு ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2012-இல் மீளாய்வு செய்தது. மொத்தம் 325 குழந்தைகள். அழுகை குறைந்ததாகவே பெரும்பாலான ஆய்வுகள் சொல்லின. ஆனால் அழுகையைக் கணக்கெடுத்தவர்கள் பெற்றோர். தம் குழந்தைக்குச் சிகிச்சை கிடைத்ததா என்பது பெற்றோருக்குத் தெரியாதபடி நடந்த ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டால், பலன் உறுதியாகத் தெரியவில்லை. சில மாதங்களில் தானாகவே நின்றுவிடும் அழுகை அது என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள். இத்தகைய கூற்றுகளுக்குச் சான்றில்லை என்று 2008-இல் எழுதிய அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங் மீது பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் சங்கம் அவதூறு வழக்குத் தொடர்ந்து, 2010-இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆய்வு கேட்டவருக்கு வக்கீல் நோட்டீஸ் பதிலாக வந்தால், அதையும் ஒருவகைத் தகவலாகக் குறித்துக்கொள்ளலாம்.

ஒப்பீட்டின் நுட்பத்தைப் புரிந்துகொள்ள எனக்குப் பிடித்த ஆய்வு, சியாட்டில் பகுதியில் கீழ்முதுகு வலியுள்ள 321 பேரிடம் நடந்து 1998-இல் வெளியானது. ஒரு குழுவுக்குக் கைரோபிராக்டிக், இன்னொன்றுக்கு மெக்கன்சி முறை இயன்முறைச் சிகிச்சை, மூன்றாவது குழுவுக்கு ஒரு சிறு கையேடு. சிகிச்சை பெற்ற இரு குழுவினரின் நிலையும் கையேடு பெற்றவர்களுடையதைவிட மிகச் சற்றே மேலாக இருந்தது. ஆனால் கிடைத்த கவனிப்பைப் பற்றிக் கேட்டபோது, சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 75 சதவீதத்தினர் மிக நன்று என்றனர். கையேடு பெற்றவர்களில் 30 சதவீதத்தினரே அப்படிச் சொன்னார்கள். மனநிறைவும் முன்னேற்றமும் வேறுவேறு. அக்கம்பக்கத்தார் ஒரு சிகிச்சையைப் புகழும்போது இவற்றில் எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

எதை அளந்தார்கள்?

நோயாளிக்கு வேண்டியவை நீண்ட ஆயுளும் வலியில்லாத நாட்களும். ஆய்வாளர்களுக்கு விரைவில் அளக்கக் கிடைப்பவை இரத்த அளவு, ஸ்கேன் படம், இ.சி.ஜி. கோடு. இரண்டாவது மாறினால் முதலாவதும் மாறும் என்று எண்ணிக்கொள்வது எவ்வளவு விலை கேட்கும் என்பதை அமெரிக்காவில் நடந்த இதயத் துடிப்பு ஆய்வு காட்டியது. மாரடைப்புக்குப் பின் ஒழுங்கற்ற கூடுதல் துடிப்புகள் இருப்பவர்கள் திடீரென இறப்பது அதிகம். அத்துடிப்புகளை என்கைனைடு, ஃப்ளெகைனைடு ஆகிய மருந்துகள் அடக்கின. எனவே மருத்துவர்கள் அவற்றை நல்லெண்ணத்துடன் எழுதித் தந்தார்கள். மருந்து துடிப்பை அடக்கியது உறுதியானவர்களை மட்டுமே சேர்த்து, சமவாய்ப்பு முறையில் சோதித்த முடிவு 1991-இல் முழுமையாக வெளிவந்தது: மருந்து பெற்ற 755 பேரில் 63 பேரும், மருந்துப்போலி பெற்ற 743 பேரில் 26 பேரும் இறந்திருந்தனர். இ.சி.ஜி. கோடு சீரானது, மனிதர்கள் இறந்தார்கள்.

புற்றுநோயில் இதன் வடிவம், "நோய் முற்றாமல் இருந்த காலம்" என்ற அளவீடு. ஸ்கேனில் கட்டி வளராமல் நின்ற மாதங்களை அது எண்ணுகிறது. மார்பகப் புற்றுநோயில் பெவாசிசுமாப் சேர்த்தபோது இக்காலம் 5.9 மாதங்களிலிருந்து 11.8 மாதங்களாக, அதாவது இரட்டிப்பாக நீண்டது. அதை வைத்து 2008-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விரைவு ஒப்புதல் தந்தது. ஆனால் அந்த ஆய்விலேயே நோயாளிகளின் ஆயுள் நீளவில்லை. அடுத்து வந்த ஆய்வுகளிலும் நீளவில்லை, தள்ளிப்போன காலமும் சுருங்கிவிட்டது, இரத்த அழுத்தமும் இரத்தக்கசிவும் மட்டும் மிஞ்சின. 2011 நவம்பரில் அந்தப் பயன்பாட்டுக்கான ஒப்புதல் திரும்பப் பெறப்பட்டது. புற்றுநோய் மருத்துவர் ஒரு புதிய மருந்தைப் பரிந்துரைக்கும்போது, "இது ஆயுளைக் கூட்டுவதாகக் காட்டப்பட்டிருக்கிறதா, கட்டி வளர்வதைத் தள்ளிப்போடுவதாக மட்டும் காட்டப்பட்டிருக்கிறதா?" என்று கேளுங்கள். இரண்டாவதும் சிலருக்குப் பெறுமதியுடையதே. ஆனால் எதற்காகப் பணமும் உடலும் செலவாகின்றன என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

எவ்வளவு வேறுபாடு?

"இறப்பை 30 சதவீதம் குறைக்கிறது" என்று படித்தால், எதில் 30 சதவீதம் என்று கேட்க வேண்டும். இதய நோயுள்ள 4,444 பேரிடம் சிம்வாஸ்டாடின் மருந்தைச் சோதித்த ஸ்காண்டிநேவிய ஆய்வு 1994-இல் வெளியானது. ஐந்தாண்டுகளுக்குச் சற்று அதிகமான காலத்தில், மருந்துப்போலிக் குழுவில் 256 பேர் இறந்தனர். மருந்துக் குழுவில் 182 பேர். இதை 30 சதவீதக் குறைவு என்று சொல்வது சரி. நூறு பேருக்கு ஏறத்தாழ 12 சாவு என்பது 8 ஆகக் குறைந்தது என்பதும் சரி. சுமார் 30 பேர் அத்தனை ஆண்டுகள் மருந்து உட்கொண்டால் ஓர் உயிர் மிஞ்சும் என்பதும் அதே கணக்குதான். இது மிக நல்ல பலன். ஆனால் இதய நோயே இல்லாத, ஆபத்துக் குறைந்த ஒருவருக்கு அதே 30 சதவீதம் மிகச் சிறிய எண்ணாகிவிடும். ஆகவே நூறு பேரில் எத்தனை பேர் என்ற கணக்கில் சொல்லும்படி எப்போதும் கேளுங்கள்.

வலிக்கும் இதே கேள்விதான். புதிதாக வந்த கீழ்முதுகு வலிக்கு முதுகெலும்பைச் சரிசெய்யும் சிகிச்சையை ஆராய்ந்த 15 ஆய்வுகளின் தொகுப்பு 2017-இல் வெளிவந்தது. 100 புள்ளி அளவுகோலில் வலி சராசரியாக 10 புள்ளிகள் அளவுக்குக் குறைந்தது. புள்ளியியல்படி இது உண்மையான வேறுபாடு. 60 இருந்த இடத்தில் 50 என்பது உங்களுக்குப் போதுமா என்பதைப் புள்ளியியல் சொல்லாது.

வெளியே வராத ஆய்வுகளைத் தேடுங்கள்

மனச்சோர்வு மருந்துகளுக்காக அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவான 74 ஆய்வுகளை 2008-இல் ஒரு குழு ஒவ்வொன்றாகத் தேடிப்பார்த்தது. சாதகமான முடிவு வந்த 38-இல் 37 அச்சேறியிருந்தன. சாதகமில்லாத அல்லது ஐயத்துக்குரிய 36-இல் 22 வெளியாகவே இல்லை. 11 ஆய்வுகள் சாதகமானவைபோல எழுதப்பட்டு வெளிவந்திருந்தன. உள்ளதை உள்ளபடி சொன்னவை மூன்றே. இதழ்களை மட்டும் படிக்கும் மருத்துவர்கூட எப்படித் திசைதிரும்பக்கூடும் என்பதற்கு இது போதும்.

ஆய்வைத் தொடங்கும் முன்பே பதிவு செய்ய வேண்டும் என்ற விதி இதற்காகத்தான் வந்தது. இந்தியாவில் 2007-இல் தொடங்கி 2009 முதல் கட்டாயமாக்கப்பட்ட மருத்துவ ஆய்வுப் பதிவகத்தின் இணையதளத்தில் யாரும் தேடலாம். சித்த, ஆயுர்வேத மருந்துகளின் ஆய்வுகளும் அங்கே பதிவாகின்றன. பதிவில் முதன்மை அளவீடாக எதைக் குறித்திருந்தார்கள், வெளியான கட்டுரையில் எதைப் பெரிதாகப் பேசுகிறார்கள் என்று ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். ஒரே ஆய்வை நம்புவதைவிட, எல்லா ஆய்வுகளையும் திரட்டி எடைபோடும் மீளாய்வுகளைப் படிப்பது நல்லது. காக்ரேன் மீளாய்வுகளில் பொதுமக்களுக்கான எளிய சுருக்கமும் இருக்கும்.

பாதிப்பையும் அதே தராசில்

பலனுக்குக் கேட்ட சான்றைப் பாதிப்புக்கும் கேட்க வேண்டும். கழுத்தைத் திருகும் சிகிச்சைக்குப் பின் கழுத்துத் தமனி கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. ஆனால் 2008-இல் வெளியான கனடாவின் ஒன்டாரியோ மாகாண ஆய்வு, அத்தகைய நோயாளிகள் கைரோபிராக்டரிடம் சென்றிருந்ததைப் போலவே குடும்ப மருத்துவரிடமும் முன்னதாகச் சென்றிருந்ததைக் கண்டது. தமனி கிழியத் தொடங்கியதால் வந்த கழுத்து வலிக்காகவே அவர்கள் உதவி தேடிப் போயிருக்கலாம். விவாதம் இன்னும் தீரவில்லை. என் முடிவு இது: கழுத்தைத் திருகுவதால் கிடைக்கும் பலன் சிறிது, நேரக்கூடிய பாதிப்பு அரிது என்றாலும் மீளாதது, மாற்று வழிகளோ பல, ஆகவே கழுத்தை விட்டுவிடச் சொல்வேன். கால் மரத்தல், சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல், காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல் ஆகியவற்றோடு வரும் முதுகு வலியை யாரிடமும் திருகக் கொடுக்காமல் நேரே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

குணமானவர்களின் கதை

"புற்றுநோய் ஒரு நோயே அல்ல, வைட்டமின் பி17 குறைபாடுதான்" என்ற வாட்ஸ்அப் செய்தி தமிழில் பல ஆண்டுகளாகச் சுற்றிவருகிறது. அப்படியொரு வைட்டமின் இல்லை. அது பாதாமி (ஆப்ரிகாட்) விதைப் பருப்பிலும் கசப்பு வாதுமையிலும் உள்ள அமிக்டலின். உடலில் சயனைடை வெளிவிடுவது. அமெரிக்காவில் அதனால் பிழைத்ததாகச் சொன்னவர்கள் ஏராளம் இருந்ததால், 178 புற்றுநோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து 1982-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒருவர்கூடக் குணமாகவில்லை, சிலரின் இரத்தத்தில் சயனைடு ஆபத்தான அளவை நெருங்கியது. கதை சொல்ல வருபவர்கள் எல்லோரும் பிழைத்தவர்கள். இறந்தவர்களின் குடும்பம் காணொளி போடுவதில்லை. யாராவது குணமான கதையைச் சொன்னால், நோய் திசுப் பரிசோதனையில் உறுதி செய்யப்பட்டதா, அதற்கு முன் அறுவையோ கதிர்வீச்சோ நடந்ததா, எத்தனை ஆண்டுகள் ஆகின்றன என்ற மூன்றையும் மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலும் இரண்டாவது கேள்வியிலேயே விடை கிடைத்துவிடும்.

மருத்துவரிடம் கேட்கும்போது

எழுதி வைத்த வாக்கியத்தோடு செல்லுங்கள். இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும், நூறு பேரில் எத்தனை பேருக்குப் பலன், எத்தனை பேருக்குப் பாதிப்பு, இதைவிட எளிய வழி உண்டா, என் வயதிலும் நிலையிலும் உள்ளவர்களிடம் சோதித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். புறநோயாளிப் பிரிவின் நெரிசலில் ஐந்துக்கும் பதில் கிடைக்காமல் போகலாம்; முதல் இரண்டையாவது விடாதீர்கள். சித்த மருத்துவரிடமும் கைரோபிராக்டரிடமும் இதே கேள்விகளை இதே குரலில் கேளுங்கள். "எங்கள் முறைக்கு இந்த அளவுகோல் பொருந்தாது" என்று பதில் வந்தால், வேறெந்த அளவுகோலில் தங்கள் தோல்வியைக் கண்டுகொள்வார்கள் என்று கேளுங்கள்.

உட்கொண்டிருக்கும் மருந்தை நிறுத்தினால்தான் எங்கள் சிகிச்சை வேலை செய்யும் என்று ஒருவர் சொன்னால் மட்டும் மேலே ஆராய வேண்டியதில்லை, எழுந்து வந்துவிடுங்கள். அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய்த் தரவுத்தளத்திலிருந்து, பரவாத நிலையில் மார்பக, நுரையீரல், பெருங்குடல், புராஸ்டேட் புற்றுநோய் இருந்தும் மாற்றுச் சிகிச்சையை மட்டுமே தேர்ந்தெடுத்த 281 பேரை எடுத்து, வழக்கமான சிகிச்சை பெற்ற, வயதிலும் நோய்நிலையிலும் ஒத்த 560 பேருடன் ஒப்பிட்ட ஆய்வில், முதல் குழுவினரின் இறப்பு ஆபத்து இரண்டரை மடங்காக இருந்தது. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். இது குலுக்கல் முறையில் நடந்ததன்று, யாரும் அப்படி நடத்தவும் ஒப்பமாட்டார்கள். எனவே துல்லியமான மடங்கு சற்று மாறலாம். ஆனால் மார்பகப் புற்றுநோயில் கண்ட அளவுக்கு வேறுபாடு பெரியதாக இருக்கும்போது, குழுக்களுக்கு இடையே கவனிக்கப்படாமல் போன சிறு ஏற்றத்தாழ்வுகளால் மட்டும் அதை விளக்கிவிட முடியாது.